பந்தயத்துக்கு விடப்பட்ட பழ ஈ

1960களின் நடுவில் மாஸ்கோவின் கோட்பாட்டு, பரிசோதனை இயற்பியல் கழகத்தில் ஒரு புகைச்சல். இயற்பியல் கணக்குகளைப் போடவேண்டிய விலை உயர்ந்த கணினியை அலெக்சாந்தர் குரோன்ராட் என்ற கணிதவியலாளரின் குழு செஸ் ஆட விட்டுக்கொண்டிருந்தது. இதென்ன வீண்வேலை என்று கேட்டவர்களுக்கு 1965-இல் அவர் சொன்ன பதில் ஒரே வரிதான்: செயற்கை நுண்ணறிவுக்குச் சதுரங்கம்தான் பழ ஈ. அந்தத் துறைக்குப் பெயர் சூட்டிய அமெரிக்கர் ஜான் மெக்கார்த்தி இந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டார். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1966-67-இல் மெக்கார்த்தி தரப்பின் நிரலும் மாஸ்கோ நிரலும் தந்தி வழியாக நான்கு ஆட்டங்கள் ஆடின. மாஸ்கோ 3-1 என்று வென்றது.

பழ ஈயை ஏன் இழுத்தார்? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மோர்கன் பாட்டில்களில் வளர்த்த ஈக்கள்தான் மரபியலுக்கு அடித்தளம் போட்டவை. தீனிச் செலவு குறைவு, பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். சதுரங்கமும் அப்படித்தான். 64 கட்டம், ஐயத்துக்கு இடமில்லாத விதிகள், முடிவில் யார் வென்றார் என்பதில் சண்டை கிடையாது. அதோடு, நன்றாக ஆடுகிறவர் பெரிய மூளைக்காரர் என்று ஊரே நம்பியது. ஆக, மனம் எப்படிச் சிந்திக்கிறது என்று அறிய இயந்திரத்துக்குச் செஸ் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது ஓர் ஆய்வு முறையாகவே நிலைத்தது. முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வழக்கத்தில் தேறியது எவ்வளவு, வீணானது எவ்வளவு?

முதலில் வரவு. மனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மழுப்ப முடியாத நிலையை இந்த ஆட்டம் உண்டாக்கியது. ஆலன் டூரிங் தம் நண்பர் டேவிட் சாம்பர்னோனுடன் 1948-இல் ஒரு செஸ் நிரலை வகுத்தார். அதை ஓட்டுவதற்குத் தோதான கணினி இல்லை. எனவே 1952-இல் டூரிங்கே கணினியாக உட்கார்ந்தார். தாளில் எழுதிய விதிகளை வரி பிசகாமல் பின்பற்றி, காய்களுக்கு மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அரைமணி நேர அளவில் செலவிட்டார். எதிரில் இருந்தவர் அலிக் கிளென்னி என்ற சக ஊழியர். 29 நகர்த்தல்களில் நிரல் தோற்றது. கிளென்னி சிறந்த ஆட்டக்காரரும் இல்லை. ஆனால் அந்தத் தாள்களில் நடந்தது பெரிய விஷயம். 'யோசித்து ஆடுவது' என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போகிற செயலைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் அது பிழைபட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. தத்துவ நூல்கள் பலவற்றுக்கு வாய்க்காத வசதி இது.

இதே காலத்தில் மனிதர்கள் பக்கமிருந்தும் பலகையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். நெதர்லாந்து உளவியலாளர் ஆட்ரியான் டி க்ரூட், அலெகைன், கெரெஸ், யூவே போன்ற அக்கால ஜாம்பவான்களை ஒரு நிலையின் முன் உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு எல்லோருடைய எதிர்பார்ப்பையும் கவிழ்த்தது. கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக ஆழமாகவோ அகலமாகவோ கணக்குப் போடவில்லை. நல்ல நகர்த்தல் அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். நடு ஆட்டத்துப் பலகை ஒன்றை 5 விநாடி காட்டிவிட்டு மறைத்து, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னால் தேர்ந்தவர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்துவிடுவார். புதியவர் நான்கைந்தோடு நின்றுவிடுவார். அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால்? தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய காணாமல் போயிற்று. தனித்தனிக் காய்களாக அவர் பார்க்கவில்லை. பழகிய கூட்டங்களாகப் பார்க்கிறார். கண்டபடி இறைத்தால் கூட்டமும் இல்லை, நினைவும் இல்லை. (பின்னாளில் சைமனே ஃபெர்னாண்ட் கோபேயுடன் சேர்ந்து, இறைத்த பலகையிலும் வல்லவர்களுக்குச் சிறு முன்னிலை எஞ்சுவதைக் காட்டினார். மூலச் சோதனையில் ஆடியவர்கள் மூன்றே பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உளவியலில் புகழ்பெற்ற முடிவுகள் சில இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களின் மேல் நிற்கின்றன.)

இதுவரை பழ ஈ ஒழுங்காக வேலை பார்த்தது. தடம் மாறியதும் ஏறத்தாழ அதே ஆண்டில்தான்.

1973-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்லேட், லாரி ஆட்கின் இருவரும் தங்கள் நிரலைப் புதிதாக எழுதினார்கள். அதுவரை, மனிதரைப் போல நம்பிக்கையூட்டும் நகர்த்தல்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஆராயும் நிரல்களுக்கே மதிப்பு. பொறுக்குவதில்தான் நிரல் ஏமாந்துபோகிறது என்று கண்ட இருவரும், குறிப்பிட்ட ஆழம் வரை எல்லா நகர்த்தலையும் பார்த்துவிடு என்று விட்டுவிட்டார்கள். நிரல் வலுத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். முன்னாள் உலக சாம்பியனும் மின்பொறியாளருமான மிகயில் போட்வினிக் மட்டும் மாஸ்டரின் சிந்தனையையே நிரலாக்குவேன் என்று பல்லாண்டு மல்லுக்கட்டினார். அவருடைய 'பயோனியர்' எந்தப் போட்டியிலும் ஆடாமலே முடிந்தது.

அந்தப் பாதையின் கடைசி மைல்கல்லை உலகம் அறியும். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ, உலக சாம்பியன் கேரி காஸ்பரோவை 3½-2½ என்று வீழ்த்தியது. அது விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. காஸ்பரோவ் பார்த்திருக்கக்கூடியவை ஒரு கைக்குள் அடங்கும். இரண்டுமே நல்ல நகர்த்தலைக் கண்டுபிடிக்கின்றன என்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று ஆகாது. மெக்கார்த்தி அந்த ஆண்டே சலித்துக்கொண்டார்: மரபியலாளர்கள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பழ ஈக்களைப் பந்தயத்துக்கு வளர்த்திருந்தால் எப்படியிருக்கும், அதுதான் கணினிச் சதுரங்கத்துக்கு நேர்ந்தது என்று. அறிவாற்றல் அறிவியலாளர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரின் நிலை இன்னும் சங்கடம். எல்லோரையும் வெல்லும் நிரல் வந்தால் அது செஸ் மட்டும் ஆடுகிற நிரலாக இருக்காது, பொது அறிவு கொண்டதாகவே இருக்கும் என்று 1979-இல் ஊகித்தவர் அவர். டீப் புளூ வலுத்தபோது, செஸ்ஸுக்குச் சிந்தனை வேண்டும் என்று எண்ணியது தவறுதானோ என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

இந்தப் பின்வாங்கலை 'கோல் கம்பத்தை நகர்த்துகிறார்கள்' என்று செயற்கை நுண்ணறிவு ஆதரவாளர்கள் கேலி செய்வதுண்டு. கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. இயந்திரம் தொட்டதெல்லாம் மறுநாளே அறிவு இல்லை என்று ஆகிவிடுகிறதென்றால், அறிவு என்பது இயந்திரத்தால் இன்னும் முடியாதவற்றின் பட்டியல்தானா? மறுபாதியை அவர்கள் கவனிப்பதில்லை. ஒரு வேலைக்கு மனத்தின் எந்தெந்தத் திறன் தேவை என்று முன்கூட்டிச் சொல்வதில் மனிதர்கள் படுமோசம் என்பது இங்கே நிரூபணமானது. அதுவும் மனத்தைப் பற்றிய கண்டுபிடிப்புதான்.

நியூயார்க்கில் இன்னொன்றும் அம்பலமாயிற்று. முதல் ஆட்டத்தின் 44-ஆம் நகர்த்தலில் டீப் புளூ தன் யானையைக் காரணம் புரியாத ஓர் இடத்துக்கு நகர்த்தியது. அது நிரல் பிழை. செய்வதறியாமல் ஏதோ ஒரு நகர்த்தலை எடுத்துப்போட்டது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மரே கேம்ப்பெல் பின்னர் தெரிவித்தார். காஸ்பரோவ் தரப்போ அதில் எட்டாத ஆழத்தைக் கண்டு மிரண்டது என்று 2012-இல் வந்த தம் நூலில் நேட் சில்வர் எழுதினார். இரண்டாம் ஆட்டத்தில் இயந்திரம் கையெட்டும் தூரத்தில் இருந்த காய்களைப் பிடுங்கப் பாயாமல் நிதானமாக நெருக்கியது. ஒளிந்திருந்து ஒரு மனிதர் உதவுகிறாரோ என்ற சந்தேகம் காஸ்பரோவுக்கு முளைத்தது. மனம் கலங்கி, டிரா செய்திருக்கக்கூடிய நிலையில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த வாரம் நிரலின் அறிவைவிடத் தெளிவாக வெளிப்பட்டது, எதிரில் ஒரு மனம் இருப்பதாக எண்ணிக்கொள்ள மனிதருக்கு எவ்வளவு குறைந்த சாட்சியம் போதும் என்பதுதான். 1770-இல் வியன்னா அரசவையில் கெம்பெலன் காட்டிய 'துருக்கி' பொம்மை இதற்கு நேர் தலைகீழ். பெட்டிக்குள் ஆளை ஒளித்துவைத்து இயந்திரம் ஆடுவதாக நம்பவைத்தார்கள். 1809-இல் நெப்போலியனே அதோடு ஆடினார். அன்று ஆளை இயந்திரம் என்று நம்பினார்கள். 227 ஆண்டு கழித்து இயந்திரத்துக்குள் ஆளைத் தேடினார்கள்.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கவனிக்கத் தவறியது, காயைத் தூக்கி வைத்த கை. டீப் புளூவின் நகர்த்தல்களைத் திரையில் பார்த்துக் காய் வைத்தவர்கள் ஃபெங்-ஹ்சியுங் ஹ்சூவும் அவருடைய சகாக்களும். 2016-இல் சியோலில் லீ செடோலை கோ ஆட்டத்தில் 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோவுக்காகக் கல் வைத்தவர் ஆஜா ஹுவாங். உலக சாம்பியனை வெல்லும் மூளைக்கு ஒரு மரத்துண்டை எடுத்துவைக்க ஆள் வேண்டியிருந்தது! பெரியவர்களின் அறிவுச் சோதனைகளில் கணினியைத் தேர்ச்சிபெற வைப்பது எளிது, ஒரு வயதுக் குழந்தையின் பார்வையையும் அசைவையும் தருவது கடினம் என்று ரோபோவியலாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே எழுதிவிட்டார். அதற்கான வலி மிகுந்த சான்று 2022 ஜூலையில் மாஸ்கோவில் கிடைத்தது. செஸ் ஆடும் இயந்திரக் கை ஒன்று, தன் முறை முடிவதற்குள் காயை நகர்த்த விரல் நீட்டிய 7 வயதுச் சிறுவனின் விரலைப் பிடித்து நசுக்கியது. ஓடிவந்து விடுவித்தபோது விரல் முறிந்திருந்தது. பையன் அவசரப்பட்டுவிட்டான் என்று சொன்ன அமைப்பாளர்களும் இருந்தார்கள். காய்க்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றை மேசைக்கு எதிரே உட்காரவைத்தவர்கள் யார் என்று யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. சதுரங்கத்தை மனத்தின் மாதிரியாகக் கொண்டதன் பெரிய ஓட்டை இதுதான். உடம்பும் கண்ணும் தொடுதலும் எதிராளியின் முகமும் கணக்கிலேயே வரவில்லை. கடினமானதை விட்டுவிட்டு, கடினமாகத் தெரிந்ததை அளந்தார்கள்.

2017 டிசம்பரில் வந்த ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் கதையை இன்னும் சிக்கலாக்கியது. விதிகளை மட்டும் கொடுத்து, தன்னோடு தானே ஆடவிட்டார்கள். 9 மணி நேரப் பயிற்சிக்குப் பின் அன்றைய முன்னணி எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ்ஷோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. அது விநாடிக்குப் பார்த்தது 80,000 நிலைகள். ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது 7 கோடி. குறைவாகப் பார்த்து நல்லதைக் கண்டுகொள்கிறதே, டி க்ரூட் கண்ட கிராண்ட்மாஸ்டர் இதுதானே என்று பலர் துள்ளினார்கள். ஆனால் அந்த 9 மணி நேரத்தில் அது தன்னோடு ஆடியவை ஏறத்தாழ 4.4 கோடி ஆட்டங்கள். நாளுக்குப் பத்து ஆட்டம் வீதம் ஒரு மனிதர் ஆடினால் 12,000 ஆண்டு ஆகும். சென்னைச் சிறுவன் குகேஷ் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனதற்கு இதில் எத்தனை கோடியில் ஒரு பங்கு தேவைப்பட்டிருக்கும்? இவ்வளவு சொற்பத்திலிருந்து இவ்வளவு கற்பது எப்படி என்பதுதான் மனத்தைப் பற்றிய நிஜக் கேள்வி. ஆல்ஃபாஜீரோ அதைத் தொடவே இல்லை.

ஆனாலும் உள்ளே எட்டிப்பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக்கும் பங்கேற்ற 2022 ஆய்வு ஒன்றில், ராஜாவின் பாதுகாப்பு, காய்களின் மதிப்பு போன்ற மனிதக் கருத்துகள் ஆல்ஃபாஜீரோவின் நரம்பு வலையமைப்புக்குள் தாமாக உருவாகியிருந்தது தெரிந்தது. தொடக்க ஆட்டங்களில் மட்டும் வேறுபாடு. மனிதர்கள் வரலாற்றில் ஓரிரு தொடக்கங்களோடு ஆரம்பித்து மெல்லப் பலவற்றுக்குப் பரவினார்கள். இயந்திரம் எல்லாவற்றையும் முயன்றுவிட்டுச் சிலவற்றுக்குச் சுருங்கியது. இந்த முறைக்கும் ஒரு குறை: எந்தக் கருத்தைத் தேடுகிறோமோ அதைத்தான் கண்டுபிடிப்போம். மனிதரிடம் பெயரே இல்லாத கருத்து ஒன்று உள்ளே இருந்தால்? இன்னொரு குழு, ஆல்ஃபாஜீரோவுக்கு மட்டும் தெரிந்த கருத்துகளைப் பிரித்தெடுத்து நான்கு கிராண்ட்மாஸ்டர்களுக்குப் புதிர்களாகக் கொடுத்தது. குகேஷும் அந்த நால்வரில் ஒருவர். இயந்திரத்தின் விடைகளைப் பார்த்துப் பழகிய பின், புதிய புதிர்களில் நால்வருமே முன்னேறினார்கள். மறுபடியும் நான்கே பேர்தான். ஆனாலும் இயந்திரம் கண்டது மனிதருக்குப் புரியும்படி கடத்தக்கூடியது என்பதற்கு இது உருப்படியான தொடக்கம். இதே குகேஷைத் தொடக்க ஆண்டுகளில் எஞ்சின்களையே தொடவிடாமல் வளர்த்தார் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா என்பது சுவையான முரண்.

2024-இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட மற்றொரு சோதனை இவற்றைவிடக் கூர்மையானது. அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று முன்னோக்கிப் பார்க்கும் வழியே இல்லாத ஒரு வலையமைப்பு. பலகையைப் பார்த்த மாத்திரத்தில் ஆடவேண்டும். லிசெஸ் தளத்தில் மனிதர்களோடு மின்னல்வேக ஆட்டங்களில் அது 2895 புள்ளி எடுத்தது. உள்ளுணர்வு மட்டுமே போதும் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் வெற்றி உறுதியான நிலைகளில் அது தடுமாறியது. எந்த நகர்த்தலும் 99 சதவீதத்துக்கு மேல் வெற்றி என்று தெரிவதால், இன்று ஒன்று நாளை ஒன்று என்று அலைந்து, முடித்துவைக்கத் தெரியாமல் காயை இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருந்தது. அதைச் சமாளிக்கத் தனி ஏற்பாடு செய்யவேண்டி வந்தது. பள்ளிக்கூடப் பையன்கூட ராணியும் ராஜாவும் கையில் இருந்தால் எதிரியை ஓரத்துக்குத் தள்ளி முடித்துவிடுவான். அவனிடம் ஒரு திட்டம் இருக்கிறது. முந்தைய நகர்த்தலில் நினைத்ததை அடுத்ததிலும் பிடித்துக்கொண்டிருக்கிறான். நல்லது கெட்டது அறிவது ஒன்று, நினைத்ததை விடாமல் பற்றியிருப்பது வேறொன்று. மனத்தில் இரண்டும் பின்னிக் கிடப்பதால் வெறும் கண்ணுக்குப் பிரித்துத் தெரிவதில்லை. 2895 என்ற எண் இதில் எதையும் சொல்லவில்லை.

மோர்கன் 1910-இல் தம் பாட்டில்களில் தேடிப்பிடித்ததும் வேகமாகப் பறந்த ஈயை அல்ல, வெள்ளைக் கண்ணோடு பிறந்த ஒரு பிறழ்வை. குரோன்ராடின் வாசகத்தை ஆளாளுக்கு மேற்கோள் காட்டியவர்கள் இந்தப் பாதியை மறந்துவிட்டார்கள்.

மறக்காத ஒரு குழுவும் உண்டு. ரீட் மக்கிலராய்-யங், ஆஷ்டன் ஆண்டர்சன், ஜான் கிளைன்பெர்க், சித்தார்த்த சென் ஆகியோர் 2020-இல் உருவாக்கிய 'மையா' வெல்வதற்கென்று பழக்கப்படவில்லை. 1100 புள்ளிக்காரர் இந்த நிலையில் என்ன ஆடுவார், 1900 புள்ளிக்காரர் என்ன ஆடுவார் என்று ஊகிப்பதே அதன் வேலை. ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்றாக ஒன்பது மாதிரிகள். பாதிக்கும் மேற்பட்ட சமயங்களில் மனிதர் ஆடப்போகும் அதே நகர்த்தலை அது சொல்லிவிடுகிறது. ஆழத்தைக் குறைத்து மட்டம் தட்டிய ஸ்டாக்ஃபிஷ்ஷால் அந்த அளவுக்கு முடியவில்லை. பலவீனமான இயந்திரம் வேறு, மனிதர் வேறு என்பது இதில் நிச்சயமாயிற்று. தவறுகள் தற்செயலாகச் சிதறிக் கிடப்பவை அல்ல, தரத்துக்குத் தரம் ஓர் ஒழுங்கோடு வருபவை என்பதும் தெளிவாயிற்று.

ஒழுங்குக்குள் அடங்காத தவறுகளும் இருக்கின்றன. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்றாலும் எஞ்சின்கள் டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தன. 55-ஆம் நகர்த்தலில் அன்றைய சாம்பியன் டிங் லிரென் தம் யானையை எதிரி யானைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டால், மூலையில் கிடந்த அவருடைய பிஷப்பும் மாற்றிக்கொள்ளப்படுவதைத் தவிர்க்க முடியாது. மிஞ்சும் ராஜா-சிப்பாய் ஆட்டம் கண்ணை மூடிக்கொண்டே தோல்வி. வீட்டில் எஞ்சினோடு பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானோருக்குச் சட்டென்று தெரிந்தது, மேசையில் இருந்த உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. குகேஷ்கூட முதலில் வேறு நகர்த்தலை ஆடப்போய், பிறகுதான் கவனித்ததாகச் சொன்னார். மூன்று வார அழுத்தம், களைப்பு, டிரா ஆகிவிடும் என்ற நிம்மதி எல்லாம் அந்த ஒரு நகர்த்தலுக்குள் இருந்தன. எஞ்சினின் மதிப்பீட்டுக் கோடு அவற்றில் எதையும் காட்டாது. ஆனால் அந்தக் கோடு இருந்ததால்தான் மனித மனம் சறுக்கிய புள்ளி இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டது. அளவுகோலாக இயந்திரம் தரும் இந்தப் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

இப்போது மொழி மாதிரிகளின் முறை. 2025 ஆகஸ்டில் கூகுளின் காகிள் தளம் நடத்திய செஸ் போட்டியின் இறுதியில் ஓப்பன்ஏஐயின் ஓ3, குரோக் 4-ஐ 4-0 என்று வென்றது. தலைப்புச் செய்தி அதுதான். பழைய பந்தயம் புது ஈக்களோடு நடக்கிறது. படிக்கத் தகுந்தவை அந்த மாதிரிகளின் தோல்விகள். தொடக்க நகர்த்தல்களை நூல்களில் படித்தபடி ஒப்பிக்கிறவை, நடு ஆட்டத்தில் பலகை பழக்கமற்றதாக மாறியதும் காய் எங்கே இருக்கிறது என்பதையே தவறவிட்டு, விதியில் இல்லாத நகர்த்தலைச் சொல்கின்றன. சேஸ்-சைமன் இறைத்துக் காட்டிய பலகையின் முன் மாஸ்டர் திணறியதன் தூரத்து உறவு இது. அதற்காக இவை வெறும் கிளிப்பிள்ளைகள் என்று தள்ளவும் முடியாது. 2022-இல் கென்னத் லீயும் சகாக்களும் ஒதெல்லோ ஆட்டத்தின் நகர்த்தல் வரிசைகளை மட்டும் கொடுத்துப் பழக்கிய மாதிரிக்குள், யாரும் காட்டாத பலகையின் நிலை பதிவாகியிருந்தது. அந்தப் பதிவை மாற்றினால் மாதிரியின் அடுத்த நகர்த்தலும் மாறியது.

2025-இல் பாலிசேட் ரிசர்ச் என்ற அமைப்பு செய்தது வேறு மாதிரி. ஸ்டாக்ஃபிஷ்ஷோடு மோதவிட்ட 'யோசிக்கும்' மாதிரிகள் சில, வெல்ல முடியாது என்று கண்டதும், பலகையின் நிலை எழுதப்பட்டிருந்த கோப்பையே திருத்தித் தங்களுக்குச் சாதகமாக மாற்றப் பார்த்தன. செஸ் விதிகளில் கோப்பைத் திருத்தக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எந்தக் குழந்தைக்கும் அதை எழுதிக் காட்டத் தேவையில்லை. ஆட்டம் என்றால் என்ன என்று சொல்லாமலே தெரிந்துவைத்திருக்கும் அந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை 64 கட்டத்துக்குள் அடைத்து ஆராய்ந்துகொண்டிருந்த முக்கால் நூற்றாண்டில் யாரும் கேட்க நேரவில்லை. வெல்லச் சொல்லிப் பழக்கிய இயந்திரம் அதைக் கேட்கவைத்திருக்கிறது, பந்தயத்தில் தோற்கப்போகும் தறுவாயில்.